போறப்ப ஓடும், வர்றப்ப நிக்கும்: டயாலிசிஸ்க்கு போயிட்டு வர்ற ஒரு பழைய சின்ன காரோட நிகழ்வு ஆய்வு

பெருந்துறை பக்கம் சின்னதா ஒரு வொர்க்‌ஷாப் வெச்சிருக்கேன். 2025 கோடையில எங்ககிட்ட வந்த ஒரு வண்டியோட முழு விவரம் இது. அந்த குடும்பத்துகிட்ட கேட்டு, அவங்க சரினு சொன்னதுக்கு அப்பறம் தான் எழுதறேன். ஊரு பேரு, ஆளு பேரு, இதுக்கு முன்னாடி வேலை பாத்த பட்டறை பேரு எதுவும் கிடையாது. கார் கம்பெனி பேரும் எழுதல, ஏன்னா இது ஒரு கம்பெனியோட குத்தமே இல்ல, பதிமூணு வருசம் ஓடுன எந்த சின்ன வண்டியிலயும் இது வரும்.

பின்னணி

சென்னிமலைக்கு பக்கத்துல ஒரு ஊரு. பெட்ஷீட் தறி ஓட்டற குடும்பம், வண்டி ஓனரு (அவரை அண்ணன்னே சொல்றேன்), அவரு சம்சாரம், ஸ்கூல் படிக்கற ஒரு பொண்ணு, அப்பறம் அண்ணனோட அம்மா. அம்மாவுக்கு கிட்னி ரெண்டும் வேலை செய்யல, வாரத்துக்கு ரெண்டு நாள் ஈரோட்டுல டயாலிசிஸ். காலைல 7 மணிக்கு மிஷின்ல போட்டா 11 மணிக்கு தான் எடுப்பாங்க. போறப்ப பிரச்சனை இல்ல, பஸ்லயே போயிரலாம். முடிச்சு வெளிய வர்றப்ப தான் பிரஷர் எறங்கி, கால் நடுங்கி, ஸ்டாண்டுல நிக்கவே முடியாது அவங்களால. டாக்ஸி வெச்சா போக வர 1,100 ரூபா, மாசம் 9,000க்கு மேல போகுது, தறி ஓட்டற வருமானத்துல அது பெரிய காசு.

அதனால 2025 ஜனவரியில ஒரு பழைய கார் வாங்கலாம்னு முடிவு பண்ணாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கற மச்சான் மூலமா ஒரு புரோக்கர் கிட்ட வண்டி கெடச்சுது. 2012 மாடல், 800 சிசி, மூணு சிலிண்டர் பெட்ரோல், ரெண்டு ஓனர், மீட்டர்ல 94,000 கிலோமீட்டர், விலை 95,000. பேப்பர் வேலையெல்லாம் ஒழுங்கா பண்ணியிருக்காங்க, பார்ம் 29, 30 ரெண்டுலயும் அன்னிக்கே கையெழுத்து வாங்கி ஆர்சி பேரு மாத்தியாச்சு, இன்சூரன்ஸும் இவரு பேருக்கு வந்துருச்சு. இதை ஏன் சொல்றேன்னா எங்ககிட்ட வர்ற பழைய வண்டி நெறைய இன்னும் முந்துன ஓனர் பேருலயே ஓடிட்டு இருக்கு, நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆனா ரெண்டு பேருக்கும் தலைவலி.

வண்டியை பாத்தது மார்கழி குளிர்ல, காலைல ஒம்பது மணிக்கு, திருப்பூர்ல ஒரு சின்ன ரவுண்டு. ஏசி போட்டு பாத்திருக்காங்க, கூலிங் வந்துச்சு, சத்தம் இல்ல, பொகை இல்ல. வாங்கிட்டாங்க.

முதல் தடவை நின்னது

பிப்ரவரி வரைக்கும் ஒரு கொறையும் இல்லாம ஓடுச்சு. மார்ச் கடைசியில ஒரு நாள் ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்ப காளைமாட்டு சிலை பக்கம் டிராபிக்ல ஊர்ந்துட்டு இருந்த வண்டி அப்படியே ஆப் ஆயிருச்சு. செல்ப் அடிச்சா சுத்துது, ஆனா பிடிக்கல. ஆட்டோக்காரங்க தள்ளி ஓரமா விட்டாங்க. அரை மணி நேரம் கழிச்சு சும்மா ஒரு தடவை சாவிய திருப்புனா உடனே ஸ்டார்ட் ஆகி, ஒண்ணுமே நடக்காத மாதிரி வீடு வரைக்கும் வந்துருச்சு.

அதுக்கப்பறம் ஏப்ரல்ல இது வாரா வாரம் நடக்க ஆரம்பிச்சுது. இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், சாதாரணமா வண்டி நின்னா நாம என்ன பண்ணுவோம், ஓரமா ஒக்காந்து தண்ணிய குடிச்சுட்டு மெக்கானிக்குக்கு போன் பண்ணுவோம். டயாலிசிஸ் பேஷன்ட் தாகத்துக்கு நெனச்ச அளவு தண்ணி குடிக்க முடியாது, ஒரு நாளைக்கு இவ்வளவு தான்னு டாக்டர் அளவு போட்டு குடுத்திருப்பாரு. ஈரோட்டுல ஏப்ரல் வெயில் 40 டிகிரிய தொடும். அந்த வெயில்ல, பிரஷர் எறங்குன ஒடம்போட, நின்னு போன கார்குள்ள அந்த அம்மா ஒக்காந்திருக்காங்க. இந்த கேஸை நான் இவ்வளவு விரிவா எழுதறதுக்கு காரணமே அது தான்.

எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நடந்தது

மூணு வாரத்துல ரெண்டு பட்டறை மாறியிருக்காங்க. முதல் எடத்துல பியூயல் பம்ப் மாத்துனாங்க, 6,500. நாலு நாள் நல்லா ஓடுச்சு, திரும்ப நின்னுச்சு. அடுத்து இக்னிஷன் காயில் 3,200, பிளக்கும் பில்டரும் 1,100. திரும்ப நின்னுச்சு. ரெண்டாவது எடத்துல பேட்டரி வீக்குனு 4,200க்கு புதுசு, பெட்ரோலை தெளிக்கற இன்ஜெக்டருக்கு கிளீனிங் 1,500. ஆக மொத்தம் 16,500.

வண்டியோட கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் போட்டும் பாத்திருக்காங்க, எரர் கோடு (கம்ப்யூட்டர் பதிஞ்சு வெக்கற குத்த நம்பர்) எதுவும் இல்லனு சொல்லிட்டாங்க. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் தான் காரணம்னும் ஒருத்தரு சொல்லியிருக்காரு. பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், சீலெல்லாம் அந்த பெட்ரோலுக்குனு செஞ்சது இல்ல, அந்த கவலை நியாயமானது தான். ஆனா ஹோஸ் கெட்டா ஒழுகும், பெட்ரோல் வாசம் வரும், காலைலயும் தொந்தரவு குடுக்கும். காலைல ஒழுங்கா ஓடி மதியம் மட்டும் நிக்கறதுக்கு அது பொருந்தல. கடைசியா, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், என்ஜினை எறக்கி வேலை பாக்கணும், 38,000 ஆகும்"னு சொன்னதும் தான் அண்ணன் வண்டிய எங்ககிட்ட கொண்டு வந்தாரு. (என்ஜினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல் தான் ஹெட் கேஸ்கட்.)

அந்த பட்டறைக்காரங்களை தப்பா சொல்ல வரல. நின்ன வண்டிய அவங்க நின்ன நெலமையில பாக்கவே இல்ல, அது தான் விசயம். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆறி, தானா ஸ்டார்ட் ஆகி, நல்லா ஓடற வண்டி தான் பட்டறைக்கு போயிருக்கு. நல்லா ஓடற வண்டியில என்னத்த கண்டுபுடிக்கறது, அனுபவத்துல வழக்கமா போறது எதுவோ அதை மாத்துனாங்க.

நாங்க கேட்டதும் அவரு சொன்னதும்

பானட்டை தொறக்கறதுக்கு முன்னாடி ஒக்கார வெச்சு கேட்டோம். எப்பெல்லாம் நின்னுச்சு, எங்க, எத்தனை மணிக்கு, ஏசி ஓடுச்சா, அதுக்கு முன்னாடி ஊர்ந்து போச்சா வேகமா போச்சா, டெம்பரேச்சர் முள்ளு எங்க இருந்துச்சு. அண்ணன் தறிக்கு பாவு, நூல் கணக்கு எழுதற பழக்கம் இருக்கறவரு, நின்ன தேதியெல்லாம் அதே நோட்டோட பின்பக்கம் எழுதி வெச்சிருந்தாரு. அது பெரிய ஒதவியா இருந்துச்சு.

நோட்டை பாத்தா, ஒரு தடவை கூட போறப்ப நிக்கல. எல்லாமே வர்றப்ப, எல்லாமே 11.30க்கு மேல, எல்லாமே ஏசியோட டவுன் டிராபிக்ல ஊர்ந்ததுக்கு அப்பறம். முள்ளு எப்பவும் பாதிக்கு கொஞ்சம் மேல, செவப்பு கோட்டுக்கு போகலங்கறதால அதை யாரும் கண்டுக்கல.

அப்பறம் அண்ணன் போற போக்குல ஒண்ணு சொன்னாரு. "வெள்ளோடு கிட்ட நின்னப்ப டீக்கடைக்காரரு சூடா இருக்குதுனு சொல்லி ஒரு பாட்டல் தண்ணிய என்ஜின் மேல ஊத்துனாருங்க தம்பி, அன்னிக்கு மட்டும் அஞ்சு பத்து நிமிசத்துல ஸ்டார்ட் ஆயிருச்சு." இதை முந்துன பட்டறையில சொன்னீங்களாண்ணானு கேட்டேன், யாரும் கேக்கல, நானும் பெருசா நெனைக்கலனாரு. தண்ணி ஊத்துனதும் சீக்கிரம் உயிர் வருதுன்னா, சூட்டுல செத்து ஆறுனா பொழைக்கற ஏதோ ஒரு பார்ட் என்ஜின் மேலயோ பக்கத்துலயோ இருக்குனு அர்த்தம். டேங்குக்குள்ள இருக்கற பம்பும், முன்னாடி இருக்கற பேட்டரியும் அந்த தண்ணிக்கு சம்பந்தமில்ல. (சூடான என்ஜின்ல தண்ணி ஊத்தறது தப்புங்க, அலுமினிய ஹெட்டு விரிசல் விடும், வயரிங்கும் கெடும். அன்னிக்கு ஒண்ணும் ஆகல, அவ்வளவு தான்.)

பார்ட் எதுவும் இப்ப மாத்த வேண்டாம், வண்டி எங்க கண்ணு முன்னாடி நிக்கட்டும், அப்ப பாக்கலாம்னு சொன்னேன். அவரு சட்டுனு ஒத்துக்கிட்டாரு. "எங்க தறியிலயும் அப்படித்தானுங்க, நூலு எங்க அறுந்துதுனு பாத்துட்டுத்தான் முடிச்சு போடுவோம்"னாரு. வண்டி சரியாகற வரைக்கும் அம்மாவுக்கு டாக்ஸி தான்னு அதையும் அப்பவே பேசி முடிச்சுக்கிட்டோம்.

நிக்க வெச்சு பாத்தது

மத்தியானம் வெட்டவெளியில வண்டிய நிறுத்தி, ஏசிய புல்லா வெச்சு ஐடிலிங்ல விட்டோம். முக்கால் மணி நேரம் போல ஓடி, ஒரு உதறல் கூட இல்லாம, சுச்சை ஆப் பண்ண மாதிரி நின்னுச்சு. பெட்ரோல் பத்தலைன்னா இழுத்து இழுத்து, தெணறித்தான் நிக்கும். பட்டுனு நின்னா கரன்ட் பக்கம் பாக்கணும்.

உடனே வேகமா நாலு விசயம் பாத்தோம். சாவிய ஆன் பண்ணா பம்ப் ரெண்டு செகண்டு ஓடற சத்தம் கேட்டுச்சு, கேஜ்ல பிரஷர் கிட்டத்தட்ட 3 பார் நின்னுச்சு, அதனால பம்பும் இல்ல, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைக்கற வேப்பர் லாக்கும் இல்ல. செல்ப் அடிக்கறப்ப பிளக்ல ஸ்பார்க் இல்ல. இன்ஜெக்டர்லயும் துடிப்பு இல்ல. ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாத்தா என்ஜின் சுத்திட்டு இருக்கு, ஆர்பிஎம் மட்டும் சைபர் காட்டுது. ஸ்பார்க்கும் இன்ஜெக்டரும் ஒரே நேரத்துல போச்சுன்னா ரெண்டுக்கும் பொதுவான ஒண்ணு போயிருக்கு. என்ஜின் சுத்துதா இல்லையானு கம்ப்யூட்டருக்கு சொல்றது கிராங்க் சென்சார், அந்த சிக்னல் வரலைன்னா என்ஜின் நின்னுட்டு இருக்குனு தான் கம்ப்யூட்டர் நெனைக்கும், அதனால தான் கோடும் பதியல, செக் என்ஜின் லைட்டும் எரியல. முன்னாடி ஸ்கேன் பண்ணவங்களுக்கு ஒண்ணும் கெடைக்காததுக்கு காரணம் இது.

சென்சாரோட கனெக்டரை கழட்டி மீட்டர் வெச்சா ரீடிங்கே இல்ல, ஓபன். ஈரத்துணிய சென்சார் மேல சுத்தி கொஞ்ச நேரம் விட்டதும் ரீடிங் வந்துருச்சு, வண்டியும் ஸ்டார்ட் ஆச்சு. உள்ள இருக்கற மெல்லிசு கம்பிச்சுருள் சூட்டுல விரிஞ்சு தொடர்பு விட்டுப்போகுது, ஆறுனா திரும்ப ஒட்டிக்குது.

எல்லாரும் நிறுத்திக்கற எடம் இது. சென்சார் 1,450 ரூபா, மாத்தி அனுப்பிச்சிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும். ஆனா சென்சாருக்கு அவ்வளவு சூடு எங்க இருந்து வந்துச்சுங்கற கேள்விக்கு பதில் இன்னும் கெடைக்கல.

சூடு எங்க இருந்து வந்துச்சு

வண்டி நல்லா ஆறுனதுக்கு அப்பறம் ரேடியேட்டர் மூடிய தொறந்தோம். கூலன்ட் ஒரு சொட்டு இல்ல, துருப்புடிச்ச கலர்ல வெறும் தண்ணி. மூடி ஓரத்துலயும் டேங்க் உள்ளயும் வெள்ளையா படிஞ்சிருக்கு. யாரோ வருசக்கணக்குல போர் தண்ணிய ஊத்தியிருக்காங்க. நம்ம பக்கம் ஆயிரம் அடி போர்ல வர்றது பெரும்பாலும் சப்பத் தண்ணி தான், அதை காய வெக்கற பாத்திரத்துல வெள்ளையா ஒட்டுமே, அதே சுண்ணாம்பு தான் ரேடியேட்டர் டியூப்லயும் படியும். டியூப் ஒவ்வொண்ணும் மெல்லிசு, கொஞ்சம் படிஞ்சாலே அடைச்சுக்கும். என்ஜின் ஓடறப்ப வெப்பமானி வெச்சு பாத்தா ரேடியேட்டரோட மேல் பக்கம் கொதிக்குது, கீழ் பாதியில பாதி எடம் சில்லுனு இருக்கு. அங்க தண்ணியே ஓடலைங்கறதுக்கு அது போதும்.

இன்னும் மூணு கொறை சேந்திருந்துச்சு. மூடியோட ஸ்பிரிங் தளந்து பிரஷரே பிடிக்கல. ஒரு பார் பக்கம் பிரஷர் நின்னா தான் தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 வரைக்கும் தாங்கும், அது இல்லன்னா டிராபிக்ல கொதிச்சு ஆவியா போயிரும். பேன் மோட்டார் தேஞ்சு மெதுவா சுத்துது. தெர்மோஸ்டாட் வால்வு எடத்துல ஒண்ணுமே இல்ல, முந்துன ஓனர் காலத்துல யாரோ கழட்டி எறிஞ்சுட்டாங்க.

தெர்மோஸ்டாட்டை எடுத்தா வண்டி சூடாகாதுங்கற நம்பிக்கை நம்ம ஊரு பட்டறையில நெறைய இருக்கு, எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. அது 82 டிகிரிக்கு மேல தொறக்கற ஒரு கதவு, அவ்வளவு தான். அதை எடுத்துட்டா காலைல என்ஜின் சரியான சூட்டுக்கு வர்றதுக்கே ரொம்ப நேரம் ஆகும், பெட்ரோல் எச்சா குடிக்கும், தேய்மானம் எச்சாகும். அடைச்ச ரேடியேட்டரை அது ஒண்ணும் சரி பண்ணாது. குளிர் காலத்துல குத்தத்தை மறைச்சு வெக்கும், அதனால தான் ஜனவரியில வாங்குனவங்களுக்கு தெரியாமயே போச்சு.

38,000 ரூபா சந்தேகத்தையும் தீத்துக்கணும்ல, ஹெட் கேஸ்கட் பாத்தோம். ஆயில்ல பால் கலர் இல்ல, ரேடியேட்டர்ல குமிழி வரல, சைலன்சர்ல வெள்ளை பொகை இல்ல, மூணு சிலிண்டர் கம்ப்ரஷனும் (உள்ள காத்தை அழுத்தற பிரஷர்) கிட்டத்தட்ட ஒரே அளவு. என்ஜின் நல்லா இருக்கு.

என்ன முடிவு, ஏன்

அண்ணன் முன்னாடி நாலு வழி இருந்துச்சு. வண்டி ஓடறப்பவே வித்துடலாம்னு மச்சான் சொன்னாரு. தெரிஞ்சே இன்னொருத்தர் தலையில கட்ட எனக்கு மனசு ஒப்பலனு அண்ணன் அதை முதல்லயே தள்ளிட்டாரு. என்ஜின் வேலை தேவையே இல்லனு ஆயிருச்சு. மிச்சம் சென்சார் மட்டுமா, சென்சாரோட கூலிங் வேலை மொத்தமுமா.

சென்சார் மட்டும் போட்டா கொஞ்ச மாசம் ஓடும், அப்பறம் அதே சூடு புது சென்சாரையும் தின்னும், அதுக்குள்ள ஒரு நாள் நெசமாவே ஹெட் கேஸ்கட் போகும். வேற யாராவது சும்மா சந்தைக்கு போயிட்டு வர்ற வண்டின்னா இப்ப சென்சார் போடுங்க, கூலிங் வேலைய காசு வர்றப்ப பாக்கலாம்னு சொல்லியிருப்பேன். இந்த வண்டி நின்னா என்ன ஆகும்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். அவரு சம்சாரம் தான் முடிவா சொன்னாங்க, "டாக்ஸிக்கு ஒன்னேகால் மாசம் குடுக்கற காசு தானுங்களே, முழுசா பண்ணிருங்க."

சென்சார் 1,450, புது ரேடியேட்டர் 3,200, தெர்மோஸ்டாட்டும் கேஸ்கட்டும் 650, மூடி 250, மேல் கீழ் ஹோஸ் 900, பேன் மோட்டார் 1,900, கூலன்ட் 1,100, கூலி 2,500, மொத்தம் 11,950. பழைய ரேடியேட்டரை ஆசிட் ஊத்தி கழுவலாமானு கேட்டாங்க, அலுமினியத்துல பிளாஸ்டிக் டேங்க் வெச்ச ரேடியேட்டர், சுண்ணாம்பு போறதோட அலுமினியத்தையும் அரிச்சுரும்னு வேண்டாம்னுட்டோம். கூலன்டை பாதிக்கு பாதி டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்தி, காத்து எடுத்து மூடுனோம்.

அதுக்கப்பறம்

வேலை முடிஞ்ச ஒடனே அம்மாவை கூட்டிட்டு போக விடல. கத்திரி வெயில் நேரம் அது. எந்த நெலமையில நின்னுச்சோ அதே நெலமையில, மத்தியானம், ஏசியோட, டவுன் டிராபிக்ல ஊர விட்டு பாத்தோம். முள்ளு பாதிக்கு கீழயே நின்னுச்சு, பேன் ஆன் ஆகி ஆகி ஆப் ஆச்சு. அண்ணனும் தனியா ஈரோடு வரைக்கும் மதிய நேரத்துல ஓட்டி பாத்துட்டு, அதுக்கப்பறம் தான் டயாலிசிஸ் நாளுக்கு வண்டிய எடுத்தாரு.

அந்த கோடை முழுக்க வண்டி நிக்கல. மைலேஜும் கொஞ்சம் ஏறியிருக்கு, தெர்மோஸ்டாட் திரும்ப வந்தது தான் காரணம்னு நெனைக்கறேன். ஈரோடு போயிட்டு வர பெட்ரோல் செலவு 350 ரூபா சுமாரு.

ஜூலையில ஒரு நாள் மட்டும் காலைல ஸ்டார்ட் ஆகலனு போன் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் பழைய வியாதி வந்துருச்சுனு பயந்துட்டாங்க. செல்ப் சுத்துதாங்கண்ணானு கேட்டேன், டிக் டிக்னு சத்தம் மட்டும் தான் வருதுனாரு. முன்னாடி செல்ப் நல்லா சுத்தி பிடிக்காம இருந்துச்சு, இது வேற. பேட்டரி டெர்மினல் லூசு, போன்லயே சொல்லி ஸ்பேனர் வெச்சு முறுக்குனதும் கெளம்பிட்டாங்க. வண்டி சரியானாலும் அதை நம்பறதுக்கு அந்த குடும்பத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

இனி எதை மாத்திக்கறது

எங்க பட்டறையில இப்ப விட்டு விட்டு நிக்கற வண்டி எது வந்தாலும் ஒரு தாளை குடுத்து எழுத சொல்றோம், நேரம், தூரம், ஏசி, முள்ளு, நின்னதுக்கு அப்பறம் யாரு என்ன பண்ணாங்க, எது பண்ணப்ப ஸ்டார்ட் ஆச்சு. கடைசி கேள்விய முதல்ல கேக்கணும்னு இந்த கேஸ்ல தான் புரிஞ்சுது.

வாங்கறவங்களுக்கு, ஆறுன வண்டியில ரேடியேட்டர் மூடிய தொறந்து கலர் பாருங்க. பச்சையோ செவப்போ கூலன்ட் கலர் இருக்கணும். துருத்தண்ணி இருந்தா அந்த வண்டி எப்படி பராமரிச்சாங்கனு அதுலயே தெரிஞ்சுரும், ஒண்ணு வேலைச்செலவை விலையில கொறைச்சு பேசுங்க, இல்ல அடுத்த வண்டிய பாருங்க. சூடான வண்டியில மட்டும் மூடிய தொறக்காதீங்க, கொதிதண்ணி மூஞ்சிக்கு அடிக்கும். ஓட்டி பாக்கறதையும் மத்தியானத்துல, ஏசி போட்டு, குறைஞ்சது அரை மணி நேரம் நின்ன எடத்துல ஓட விட்டு பாருங்க. புரோக்கர் அவசரப்படுத்துனா அவசரப்படுத்தட்டும்.

பேஷன்ட் இருக்கற வீட்டுல பழைய வண்டி வெச்சிருந்தா கூப்புட்ட ஒடனே வர்ற ஒரு டாக்ஸி நம்பரு முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். அண்ணன் இப்ப வெச்சிருக்காரு. கார்ல ஒரு குடையும், கை விசிறியும் கெடக்குது.

ஆர்சி 2027ல முடியுது. 15 வருசம் தாண்டுன காருக்கு புதுப்பிக்கற பீஸ் 2022 ஏப்ரல்ல 600ல இருந்து 5,000 ஆச்சு, அதோட டிங்கரிங், பெயின்ட், டயர்னு எப்சிக்கு (வண்டி ஓட்ட தகுதியா இருக்குனு தர்ற சர்டிபிகேட்) ஆகற செலவு தனி. அடுத்த பொங்கல் தாண்டுனதும் கம்ப்ரஷன் ஒரு தடவை பாத்து, டைமிங் பெல்ட்டும் மாத்தற நேரம் வந்துருக்கும், அந்த கணக்கையும் சேத்து வெச்சு இன்னும் அஞ்சு வருசத்துக்கு புதுப்பிக்கறதா வேண்டாமானு ஒக்காந்து பேசலாம்னு சொல்லியிருக்கேன்.